ஆசைக்கு உள்ளே இன்னோர் ஆசை

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மனத்துக்கு நோய் என்று சொன்னவுடன் நம் மக்களுக்கு இரண்டு இடங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று தஞ்சோங் ரம்புத்தான். இன்னொன்று குறி சொல்லும் சாமி வீடு. தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டு தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஆனால் சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரின் பெயர் ஓர் ஏச்சு. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்றால் சண்டை வந்துவிடும். சாமி வீட்டுக்குப் போவதில் மட்டும் அந்த வெட்கம் கிடையாது.

இந்த இரண்டு இடங்களுக்கும் போகாமல், உள்ளுக்குள் எதையோ சுமந்துகொண்டு திரிபவர்கள்தான் அதிகம். இரவெல்லாம் தூக்கம் வராத அம்மா. காரணம் இல்லாமல் எரிந்து விழும் அப்பா. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் பேசாத பிள்ளை. இவர்களிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றுமில்லை" என்பதே பதிலாக இருக்கும். அந்த "ஒன்றுமில்லை"க்குள் என்ன இருக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

பேச்சே மருந்து

மனத்தில் நமக்கே தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. நாம் வேண்டாம் என்று தள்ளிய ஆசைகளும், வெளியே சொல்ல முடியாத கோபங்களும் அங்கே போய்த் தங்கிவிடுகின்றன. அவை அழிவதில்லை. வேறு வேடம் போட்டுக்கொண்டு வெளியே வருகின்றன. இதை ஒரு வைத்திய முறையாக வளர்த்தவர் வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு. ஆழ்மனம் என்றும் நனவிலி மனம் என்றும் தமிழில் சொல்வது இதைத்தான்.

அந்த வைத்தியத்துக்கு முதலில் பெயர் வைத்தவர் மருத்துவர் அல்லர், ஒரு நோயாளி. பெர்தா பாப்பன்ஹைம் என்ற அந்த இளம்பெண்ணை 1880 முதல் 1882 வரை பிராய்டின் மூத்த நண்பர் ஜோசப் பிராயர் கவனித்தார். தந்தையின் நோய்ப்படுக்கைக்கு அருகில் இருந்து பணிவிடை செய்தவர் அவர். கை மரத்துப் போயிற்று, பேச்சுக் குழறியது. உடம்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை. மனத்தில் கிடந்ததைப் பேசப் பேச அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அதைப் "பேச்சு வைத்தியம்" என்று அவரே அழைத்தார். புகைபோக்கியைத் துடைப்பது போல என்றும் வேடிக்கையாகச் சொன்னார். அவர் உடனே குணமாகிவிடவில்லை. அதன் பிறகும் மருத்துவமனைகளில் இருந்தார். ஆனால் பிற்காலத்தில் பெண்களின் நலனுக்காக உழைத்த முக்கியமான சமூகத் தொண்டராக விளங்கினார். பிராயரும் பிராய்டும் இவரைப் பற்றி எழுதிய நூல் 1895-இல் வெளிவந்தது.

அடுத்து வந்தது, 1900 என்று ஆண்டு குறிக்கப்பட்ட பிராய்டின் கனவு நூல். கனவு என்பது நிறைவேறாத ஆசையின் மாறுவேடம் என்பது அவர் கருத்து.

கனவுக்குப் பொருள் தேடுவது நமக்குப் புதிதா என்ன? இந்த நாட்டில் கனவு கண்டு விழித்தவுடன் சிலர் செய்யும் முதல் வேலை நாலு நம்பர் எடுப்பது. பாம்பு வந்தால் ஒரு நம்பர், செத்துப்போன தாத்தா வந்தால் ஒரு நம்பர். இதற்கென்றே படம் போட்ட புத்தகங்கள் உண்டு. தாத்தா கனவில் வந்தார் என்றால், "என்ன நம்பர் கொடுத்தார்?" என்று கேட்கிறோம். "தாத்தாவை நினைத்துக்கொண்டே இருந்தாயா?" என்று கேட்பதில்லை. நம்பர் விழுந்ததா இல்லையா என்பதோடு கனவு முடிந்துவிடுகிறது. அதைக் கண்டவரின் ஏக்கம் அப்படியே கிடக்கிறது.

கல்கத்தாவின் எதிர்க்குரல்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் மனசுக்குச் சரி, நமக்கு ஒத்து வருமா?" என்ற கேள்வி எழலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓர் இந்தியர். அவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். 1887-இல் பிறந்து 1953-இல் மறைந்தவர்.

மனத்தின் அடக்குமுறை பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1921-இல் வெளிவந்தது. அதை அவர் பிராய்டுக்கே அனுப்பிவைத்தார். இவ்வளவு தொலைவில் இருந்து இப்படி ஒரு நூலா என்று பிராய்டு வியந்து பதில் எழுதினார். 1922-இல் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். இருவரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. 1931-இல் பிராய்டின் 75-ஆவது பிறந்த நாளுக்குக் கல்கத்தாவில் இருந்து தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை போனது. கடவுள் நம்பிக்கை இல்லாத பிராய்டு அதைத் தம் மேசை மீது வைத்துக்கொண்டார்.

ஆனால் போஸ் வெறும் சீடராக இருக்கவில்லை. தம்மிடம் வரும் இந்திய நோயாளிகளின் மனம் ஐரோப்பியர் மனம் போலவே நடந்துகொள்வதில்லை என்று பிராய்டுக்கே எழுதினார். தமக்கென்று ஒரு கொள்கையையும் வகுத்தார். அதைத் தமிழில் "எதிராசை" என்று சொல்லலாம். மனத்தில் ஓர் ஆசை எழும்போது, அதற்கு நேர் எதிரான இன்னோர் ஆசையும் கூடவே இருக்கிறது. அடிக்க வேண்டும் என்ற ஆசையோடு அடி வாங்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். போக வேண்டும் என்பதோடு இருக்க வேண்டும் என்பதும் இருக்கும். ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போகும், சிறுபிள்ளைகள் விளையாடும் ஏற்றப் பலகை மாதிரி. மேலே இருப்பதை நாம் "என் ஆசை" என்கிறோம். கீழே போனது சும்மா இருப்பதில்லை. அதுதான் தலைவலியாக, கோபமாக, கெட்ட கனவாக வருகிறது. இரண்டையும் அடையாளம் கண்டு ஏற்றுக்கொண்டால்தான் மனம் சமநிலைக்கு வரும் என்றார் போஸ். பிராய்டு இதை முழுமையாக ஏற்கவில்லை. போஸும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். "அவா அறுத்தல்" என்று ஆசையை வெட்டுவதற்கு ஓர் அதிகாரம் எழுதினார். காதலனைக் கனவில் காண்பவளுக்காகக் "கனவுநிலை உரைத்தல்" என்று இன்னோர் அதிகாரமும் எழுதினார். இரண்டும் ஒரே நூலில்தான் இருக்கின்றன.

தோட்டத்து மனம்

இனி இந்தக் கொள்கையைச் சிரம்பான் பக்கம் கொண்டுவந்து பார்ப்போம்.

லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லுக்குட் என்று நெகிரி செம்பிலான் முழுக்க ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். கங்காணி அழைத்துவந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து மரம் சீவிய மண் இது. முதல் தலைமுறைக்கு ஒரே ஓர் ஆசை: நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவது. ரஜூலா கப்பல் வந்து போய்க்கொண்டே இருந்தது. பலர் போகவில்லை. கேட்டால், காசு சேரவில்லை என்றார்கள். அது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள், சாமியை இங்கே நட்டார்கள், பெற்றவர்களை இங்கே புதைத்தார்கள். திரும்ப வேண்டும் என்ற ஆசைக்குக் கீழே, இருக்க வேண்டும் என்ற ஆசையும் வேர்விட்டிருந்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற நிலை வந்தது. ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். திரும்ப வேண்டும் என்று ஆயுள் முழுவதும் சொன்னவர்களே துறைமுகத்தில் நின்று அழுதார்கள். அந்தக் கண்ணீரை எந்த ஆசையின் கணக்கில் எழுதுவது?

அடுத்த தலைமுறையின் ஆசை வேறு. "நான் பால் வாளி தூக்கியது போதும், என் பிள்ளை தூக்கக்கூடாது." இதைச் சொல்லாத தோட்டத்துப் பெற்றோர் உண்டா? சத்தியமான ஆசை அது. ஆனால் அதற்கும் ஓர் எதிராசை உண்டு. பிள்ளை படித்துப் பட்டணம் போய்விட்டால், தங்கள் வாழ்க்கையை விட்டே போய்விடுவானே என்ற பயம். அதனால்தான் "படி, படி" என்று சொன்ன வாயே, "படிச்சிட்டா பெரிய இவனா?" என்றும் கேட்கிறது. பிள்ளையின் காதில் இரண்டும் விழுகின்றன. எதைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் அறிஞர் ஏ.கே. ராமானுஜன் நினைவுக்கு வருகிறார். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சிகாகோவில் பேராசிரியராக இருந்தவர். கிரேக்கக் கதையில் மகன் தந்தையைக் கொல்கிறான். அதை வைத்துத்தான் பிராய்டு ஈடிபஸ் சிக்கல் என்று பேசினார். இந்தியக் கதைகளில் பெரும்பாலும் தந்தைதான் மகனுக்கு எதிராகக் கை ஓங்குகிறார் என்று ராமானுஜன் காட்டினார். யயாதி கதையை எண்ணிப் பாருங்கள். முதுமைச் சாபம் பெற்ற அரசன் பிள்ளைகளிடம் இளமையைக் கடன் கேட்கிறான். கடைசி மகன் புரு கொடுக்கிறான். பல காலம் அனுபவித்த பிறகும் யயாதியின் ஆசை அடங்கவில்லை. சம்பள நாள் அன்று கள்ளுக்கடையில் கரைந்த கூலியையும், பள்ளியை விட்டு நின்று அம்மாவோடு மங்கு துடைக்கப்போன பிள்ளைகளையும் கண்ட தோட்டத்து மக்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டியதில்லை.

அன்பும் இப்படித்தான் இரண்டு முகத்தோடு வருகிறது. தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு தங்கி, தமிழர்களின் அன்பைப் பற்றி 1990-இல் ஒரு நூல் எழுதினார் அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக். தமிழர் வீடுகளில் அன்பு ஒளித்து வைக்கப்படுகிறது என்பது அவர் கண்டது. தாயின் கண்ணே பிள்ளைக்குப் பட்டுவிடும் என்ற அச்சம் உண்டு. தோட்டங்களிலும் ஆசையாகப் பெற்ற பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பம்மா என்றும் பெயர் வைத்தார்கள். பாதுகாக்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அன்பை மறைத்தே பழகிய வீட்டில், "நீ எனக்கு வேண்டும்" என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. வெளியே வருவது அதட்டல் மட்டும்தான்.

சாமி வந்த உடம்பு

அப்படியானால் நம் மக்கள் உள்ளே கிடந்ததை எப்படித்தான் வெளியே விட்டார்கள்? தோட்டத்துக் கோயில்தான் அவர்களுக்கு இருந்த வழி.

மாரியம்மன் திருவிழாவில் உடுக்கை ஒலிக்கிறது. ஆண்டு முழுக்க வாய் திறக்காத ஒரு மருமகளுக்குச் சாமி வருகிறது. மண்டோரைப் பெயர் சொல்லி அதட்டுகிறாள். மாமியாரைக் கேள்வி கேட்கிறாள். எல்லோரும் கைகட்டிக் கேட்கிறார்கள். மறுநாள் அவளை யாரும் குறை சொல்வதில்லை, பேசியது அவள் இல்லை அல்லவா? சாமி வந்தது உண்மையா பொய்யா என்று உளப்பகுப்பாய்வு கேட்பதில்லை. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. வேறு எங்கும் சொல்ல முடியாத எந்தச் சொல் அங்கே சொல்லப்பட்டது என்பதே அதன் கேள்வி.

அறிஞர்கள் பலர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மலேசியத் தைப்பூசத்தில் பக்தர்களுக்கு வரும் ஆவேச நிலையை உளவியல் நோக்கில் ஆராய்ந்து கொலீன் வார்டு 1984-இல் கட்டுரை எழுதினார். எலிசபெத் புல்லர் காலின்ஸ் காவடி பற்றி ஒரு நூலே 1997-இல் வெளியிட்டார். இலங்கை அறிஞர் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்தில் தலையில் சடை விழுந்த துறவிகளிடம் அவர்கள் கதையைக் கேட்டு 1981-இல் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. தனி ஒருவரின் துயரம், ஊர் ஏற்றுக்கொண்ட சமய அடையாளம் ஒன்றில் இடம் பிடித்துவிட்டால், அந்தத் துயரத்தோடு அவரால் மதிப்பாக வாழ முடிகிறது என்பது ஒபயசேகர சொல்வதன் சாரம். அதே சடை ஊருக்குப் புரியாத அடையாளமாக இருந்திருந்தால், அவரைப் பைத்தியம் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

இனி நம் நிலைமைக்கு வருவோம். 1950, 60-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு செம்பனை வந்தது. அதன் பிறகு வீடமைப்பு வந்தது. சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் போன்ற புதிய நகரங்கள் நிற்கும் மண்ணில் முன்பு தோட்டங்கள்தான் இருந்தன. லயம் போயிற்று. பல இடங்களில் கோயிலும் போயிற்று அல்லது இடம் மாறிற்று.

நாட்டில் தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்ட தமிழர்களின் மனத்தை உளப்பகுப்பாய்வு நோக்கில் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஆண்ட்ரூ வில்போர்டு. 2006-இலும் 2014-இலும் அவர் நூல்கள் வந்தன. இழந்த நீதி ஆவியைப் போல மக்களைத் தொடர்ந்து வருகிறது என்ற கருத்தை இரண்டாவது நூலின் தலைப்பிலேயே வைத்தார். கோயிலை இடிக்க வந்த இயந்திரம் நின்றுபோனது, இடித்தவருக்குக் கை விளங்காமல் போயிற்று என்ற கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தக் கதை நடந்ததா என்று விசாரிப்பவர் ஒன்றைத் தவறவிடுகிறார். "எங்களுக்கு நடந்தது அநியாயம், அதை யாராவது கேட்க வேண்டும்" என்ற ஆசை அந்தக் கதைக்குள் இருக்கிறது. நீதிமன்றத்தில் சொல்ல முடியாததை மக்கள் முனியாண்டியின் வாயால் சொல்லிக்கொள்கிறார்கள்.

1917-இல் பிராய்டு இழப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எதை இழந்தோம் என்று தெரிந்து அழுபவர் ஒருநாள் அழுது தீர்ப்பார். எதை இழந்தோம் என்றே தெரியாதவர் தம்மையே வெறுக்கத் தொடங்குவார் என்றார். தோட்டத்தை விட்டு வந்தவரிடம், "அந்த லயத்து வாழ்க்கைக்கா அழுகிறாய்?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கொசுக்கடி, குறைந்த சம்பளம், கிராணியின் ஏச்சு. போனதே நல்லது என்பார். அதுவும் உண்மை. ஆனால் அங்கேதான் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கரகம் எடுத்தவர், பந்தலுக்குக் கால் நட்டவர் என்ற மரியாதை இருந்தது. அடுக்குமாடி வீட்டில் அவர் வெறும் வீட்டு எண். விட்டு வர வேண்டும் என்ற ஆசை நிறைவேறிவிட்டது. இருக்க வேண்டும் என்ற எதிராசைக்குத்தான் அழ இடம் கிடைக்கவில்லை. அப்பா எரிந்து விழுவதற்கும், பாட்டில் திறப்பதற்கும் காரணத்தை அங்கேயும் தேட வேண்டும்.

சங்கிலியும் உபசரிப்பும்

கோயிலே போதும், மருத்துவர் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தமிழ்நாட்டில் நடந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2002-இல், மருத்துவர் ரகுராமும் அவரோடு சேர்ந்தவர்களும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திண்டுக்கல் வட்டாரத்தில் உள்ள முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை அவர்கள் கவனித்தார்கள். அங்கே சங்கிலி இல்லை, விசேஷ மந்திரமும் இல்லை. குடும்பத்தோடு தங்கி, கோயில் வேலைகளில் உதவி, மரியாதையாக நடத்தப்பட்டார்கள். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க் குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன.

இரண்டு இடத்திலும் நம்பிக்கை இருந்தது. ஓரிடத்தில் மனிதரைக் கட்டிப்போட்டார்கள். இன்னோரிடத்தில் அவரை மனிதராக நடத்தினார்கள்.

பிராய்டு சொன்ன பலவற்றை இன்றைய உளவியல் ஏற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடுமையான மனநோய்க்கு மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும். ஆனால் குறுக்கே பேசாமல், தீர்ப்புச் சொல்லாமல் ஒருவர் பேசுவதைக் கேட்பது என்ற அந்தப் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

கேட்கத் தெரிந்த காது

நேயர்களே, இதில் உயிர்களே அடங்கியிருக்கின்றன. மலேசியாவில் இந்தியர்களிடையே தற்கொலை, மக்கள்தொகை விகிதத்தை மீறி இருப்பதாக 1980-களில் இருந்தே மனநல மருத்துவர்கள் எழுதி வருகிறார்கள். சாக வேண்டும் என்று சொல்பவருக்குள் வாழ வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. போஸின் எதிராசைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால், "பேச்சைப் பாரு" என்று அதட்டி அடைத்துவிடாதீர்கள். கீழே அமுங்கிய இன்னோர் ஆசை உங்களிடம் உதவி கேட்கிறது. உட்காருங்கள். "என்னம்மா ஆச்சு, சொல்லு" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கடினம்.

தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் முன்பு தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2023-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டப் பிரிவை நீக்கியது. ஆகவே போலீஸ் பயம் இல்லாமல் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் ஒருவர் பேசுவதைக் கேட்பதற்காகவே இருக்கிறார்கள்.

மரம் சீவியவர்களுக்கு ஒன்று தெரியும். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு முண்டு விழும். பட்டையில் எந்த அளவு போகலாம் என்பது கையின் பழக்கம். பிள்ளையிடமோ, கணவரிடமோ, வயதான தாயிடமோ மனம்விட்டுப் பேச நினைப்பவருக்கும் அந்தப் பக்குவம் வேண்டும். குடையவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது.

இன்று இரவு உணவுக்குப் பிறகு, தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், "தாத்தா, தோட்டத்தை விட்டு வந்த அன்னிக்கு என்ன எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றுமில்லை" என்றுதான் முதலில் சொல்வார். சற்று நேரம் காத்திருங்கள்.